ஸ்டூவர்ட் டபுள் டென்: ஆர்.சி. படகுக்கு வாங்கலாமா?

ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. படகில் நீராவி எஞ்சின் வைக்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது ஒற்றைச் சிலிண்டரைத்தான். விலை குறைவு, வேலையும் குறைவு. ஆனால் பிஸ்டன் மேல்முனையிலோ கீழ்முனையிலோ நின்றுவிட்டால் ஃபிளைவீலைக் கையால் சுற்றிவிட்டால்தான் மறுபடி ஓடும். படகு குளத்து நடுவில் நிற்கும்போது யார் போய்ச் சுற்றுவது? ஸ்டூவர்ட்டின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினான டபுள் டென்னில் இரண்டு கிராங்குகளும் 90 டிகிரி விலகி இருப்பதால், ஒரு பிஸ்டன் முனையில் நின்றால் மற்றது பாதி வழியில் இருக்கும். எந்த நிலையிலும் நீராவி திறந்ததும் தானாகக் கிளம்பிவிடும். ரிமோட்டுக்கு இரட்டைச் சிலிண்டர் எடுப்பதற்கு முதல் காரணமே இதுதான். சக்தி அடுத்த கணக்கு.

ஸ்டூவர்ட் நிறுவனம் 1906-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதன் புகழ்பெற்ற ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினான 10வி-யின் சிலிண்டர் இரண்டை ஒரே அடித்தட்டில் நிறுத்தியதுதான் டபுள் டென். சிலிண்டர் விட்டம் முக்கால் அங்குலம், ஸ்ட்ரோக்கும் முக்கால் அங்குலம். வெறும் வார்ப்புகளாகவும், கடைசல் முடிந்த கிட்டாகவும், முழுதாகப் பூட்டியும் விற்கிறார்கள். லேத் இல்லாதவர்கள் கிட் பக்கம் போவது நல்லது. வார்ப்பில் தொடங்கினால் இரட்டை வளைவு கிராங்கைச் சரியான கோணத்தில் கடைவதற்குள் பொறுமை போய்விடும். திருகுகள் எல்லாம் பழைய பிரிட்டிஷ் அளவான பி.ஏ. மரை, கைவசம் உள்ள எம்3, எம்4 டேப்பும் நட்டும் சேராது. டேப், டை, ஸ்பேனர் எல்லாவற்றையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

ரிவர்ஸ் கியர் தனி உருப்படி. அதை வாங்காவிட்டால் படகு முன்னால் மட்டுமே போகும். படகுக்கென்று வாங்குபவர் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. நீராவி வால்வுக்கு ஒரு சர்வோ (ரிமோட் சொல்கிறபடி நெம்பும் சிறு மோட்டார்), ரிவர்ஸுக்கு ஒன்று. ரிவர்ஸ் கியரில் திசையை மாற்றும் லிங்க் நடுவில் வந்தாலே எஞ்சின் நின்றுவிடும் என்பதால் சர்வோவின் இரு எல்லைகளையும் ரிமோட்டில் சரியாக வரையறுத்துவிடுங்கள். ரிசீவரும் பேட்டரியும் தடுப்புச் சுவருக்கு அப்பால் இருக்கட்டும். எண்ணெய் கலந்த நீராவி எங்கும் புகும்.

வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு தண்ணீர்க் கணக்கு. பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி வேலை செய்வதால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 22 சி.சி. நீராவி குடிக்கிறது. நிமிடத்துக்கு 500 சுற்று, 2 பார் அழுத்தம் என்றால் 11 லிட்டர் நீராவி, அதாவது சுமார் 18 மி.லி. தண்ணீர். குழாயில் குளிர்ந்து வீணாவதையும் சேர்த்தால் 25 மி.லி. 20 நிமிடம் ஓட அரை லிட்டர் தண்ணீரும் ஏறத்தாழ 50 கிராம் பியூட்டேனும் வேண்டும். இந்தப் பாய்லரையும் வார்ப்பிரும்பு எஞ்சினையும் சுமக்க 1.2 மீட்டருக்குக் குறையாத, அகலமான இழுவைப் படகோ லாஞ்சோ தேவை. எஞ்சின் செங்குத்தாக நிற்பதால் குறுகலான படகு தலை கனத்துச் சாயும். ஒரு லிட்டர் பாய்லர் 4 பாரில் வேலை செய்தால், அழுத்தத்தைக் கொள்ளளவால் பெருக்கிப் பார்க்கும் 3 பார்-லிட்டர் வரம்பைத் தாண்டிவிடும். பிரிட்டன் கிளப்களில் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் இறக்க விடமாட்டார்கள்.

புது எஞ்சின் நொண்டினால் பெரும்பாலும் வால்வு அமைப்புதான் காரணம். நீராவிப் பெட்டியின் மூடியைக் கழற்றி, கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சிலிண்டருக்கு நீராவி போகும் மேல் துளையும் கீழ்த் துளையும் ஒரே அளவு திறக்கும்வரை தண்டில் உள்ள நட்டால் வால்வை நகர்த்துங்கள். பிறகு பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, வால்வை ஆட்டும் எக்சென்ட்ரிக் வட்டை ஓடும் திசையில் திருப்பி, மேல் துளை மயிரிழை திறந்ததும் இறுக்குங்கள். ரிவர்ஸ் கியர் இருந்தால் இரு திசைக்கும் பார்க்க வேண்டும். முதல் சிலிண்டரின் அளவை அப்படியே இரண்டாவதில் போடாதீர்கள். தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும். காற்று கம்ப்ரசரில் அரை பாரில் ஓட்டினால் ஒரு சுற்றுக்கு நான்கு 'சக்' சத்தம் சீராக வரும். ஒன்று தவறினால் எந்தச் சிலிண்டர் மற்றதை இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்று காதே சொல்லிவிடும்.

நீராவியில் ஓட்டும்போது வடிகால் குழாய்களைத் திறந்து சிலிண்டர் சூடாகும்வரை மெதுவாகச் சுழலவிடுங்கள். உள்ளே நிற்கும் தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்லைடு வால்வு கொஞ்சம் தூக்கிக்கொடுத்துக் காப்பாற்றும் என்றாலும் அதை நம்பி வேகம் கூட்ட வேண்டாம். நீராவியில் எண்ணெய் கலக்கும் லூப்ரிகேட்டரில் ஸ்டீம் சிலிண்டர் எண்ணெய் மட்டுமே. மோட்டார் எண்ணெய் தண்ணீரோடு கலந்து வெண்ணெயாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் லூப்ரிகேட்டரின் அடியில் சேர்ந்த தண்ணீரை வடித்துவிட்டு எண்ணெய் நிரப்ப வேண்டும். வெளியேறும் நீராவியை எண்ணெய்ப் பிரிப்பான் வழியாக விடாவிட்டால் குளத்தில் படலம் மிதக்கும்.

வார்ப்பிரும்புச் சிலிண்டர் ஒரே இரவில் துருப்பிடிக்கும். சூடு ஆறுமுன் காற்றடித்து, எண்ணெய் விட்டு, சில சுற்று சுற்றி வையுங்கள். வெண்கலச் சிலிண்டர் எஞ்சின்களில் இந்தத் தொல்லை இல்லை. டபுள் டென்னின் உண்மையான குறை இந்தத் துருதான்.

பழைய டபுள் டென் விற்பனைக்கு வந்தால், பெயின்ட் பளபளப்பைப் பார்க்காமல் ஃபிளைவீலை முன்னும் பின்னும் ஆட்டி கனெக்டிங் ராடில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். நீராவிப் பெட்டியைத் திறந்து வால்வு முகத்தில் கீறல் தேடுங்கள். தேய்ந்த பேரிங்கை மாற்றலாம், தண்டைச் சுற்றி நீராவி கசியாமல் அடைக்கும் கிளாண்டில் புது கிராஃபைட் நூல் சுற்றலாம். கூடவே வரும் பாய்லருக்குச் சான்றிதழ் இல்லையென்றால் செம்பு எடைக்கு மேல் விலை கொடுக்காதீர்கள்.