அத்தையின் முழங்காலுக்குள் வைத்த சிமெண்ட்

டொராண்டோவிலிருந்து இம்முறை புறப்பட்டபோது, சுவாமிமலைக்கு அருகிலுள்ள அத்தை வீட்டுத் திண்ணையில் நாலு நாள் நிம்மதியாக உட்கார வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் விடுமுறையின் பாதி, தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கழிந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அத்தைக்குப் பொருத்திய செயற்கை மூட்டில் சீழ் பிடித்திருந்தது.

உலோகத்தில் படலமாக ஒட்டிக்கொண்ட கிருமி, ஊசிமருந்துக்கு எளிதில் அடங்காது. அதனால் பழைய மூட்டை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் ஆன்டிபயாடிக் கலந்த எலும்புச் சிமெண்டால் தற்காலிக மூட்டு ஒன்றை வைப்பார்கள். ஸ்பேசர் என்பது அதன் பெயர். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். அளவுகள் இறங்கிய பிறகே நிரந்தர மூட்டு. நோயாளியின் எலும்பு எவ்வளவு அரித்திருக்கிறது என்பது திறந்து பார்த்த பிறகுதான் தெரியும் என்பதால், அத்தைக்கான ஸ்பேசரை அறுவை மேசையிலேயே செய்யப்போவதாக மருத்துவர் சொல்லியிருந்தார்.

காலை 7 மணிக்கு சிஸ்டர் ஒரு சீட்டை நீட்டினார்: 40 கிராம் சிமெண்ட் இரண்டு பெட்டி, அதில் கலக்க வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 1 கிராம் குப்பி நான்கு. மருந்தகத்துக்கு ஓடி வரிசையில் நின்று வாங்கி வந்தேன். கனடாவில் நோயாளியின் உறவினர் இப்படி ஓட வேண்டியதே இல்லை; எனக்குக் கோபம் வந்தது உண்மை.

இரண்டரை மணி நேரம் கழித்து மருத்துவர் ஒரு எவர்சில்வர் தட்டோடு வெளியே வந்தார். எடுத்ததை வீட்டாரிடம் காட்டும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. தட்டில் கழற்றிய பழைய உலோகமும், அதன் பக்கத்தில் எலுமிச்சை அளவில் வெள்ளையாக ஒரு சிமெண்ட் உருண்டையும் இருந்தன. ஸ்பேசருக்குப் போக மிஞ்சியது அது. உருண்டையில் கையுறை விரல்கள் அழுந்திய மூன்று பள்ளங்கள் அப்படியே கல்லாகியிருந்தன.

"பொடியும் திரவமும் கலந்தா முதல்ல கையில ஒட்டும் சார். ஒட்டாத மாவுப் பதம் வந்ததும் எலும்போட பொருத்தி வடிவம் குடுத்துடணும். அப்புறம் சூடேறி இறுகிடும், நமக்குக் கிடைக்கிறது சில நிமிஷம்தான்" என்றார். அறை வெப்பம் கூடினால் இன்னும் சீக்கிரம் இறுகிவிடுமாம்.

சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கோபால்ட்-குரோமியம் மூட்டுகளில் பலவும், மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகம் ஊற்றும் அதே மெழுகு இழப்பு வார்ப்பு முறையில்தான் தொழிற்சாலையில் உருவாகின்றன. அவை குறிப்பிட்ட சில அளவுகளில் வரும். அத்தையின் எலும்பைப் பார்த்து, அதற்கென்றே சில நிமிடங்களில் பிடித்த உருவம் அவற்றில் கிடையாது. அந்த விரல் பள்ளங்களைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மூட்டு மாற்று அறுவைக்கு 26 வாரம் என்று கனடாவில் காத்திருப்பு இலக்கே உண்டு. சீழ் பிடித்த மூட்டுக்கு அங்கேயும் அவ்வளவு நாள் காக்க வைக்கமாட்டார்கள் என்பதால் அந்த ஒப்பீடு முழு நியாயமில்லை. ஆனாலும் சேர்த்த மூன்றாம் நாளே அறுவை முடிந்தது என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

கோபம் திரும்ப வந்தது வீட்டுக்கு அனுப்பிய நாளில். டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஆன்டிபயாடிக் சிமெண்ட் ஸ்பேசர்" என்று மூன்றே சொற்கள். எந்த மருந்து, எத்தனை கிராம், எந்தச் சிமெண்ட் என்று ஒரு வரி இல்லை. பெட்டியில் வரும் மூட்டுக்கு ஒட்டுச்சீட்டும் தொகுதி எண்ணும் உண்டு. மேசையில் பிடித்த மூட்டுக்கு எழுதி வைத்தால்தான் அடையாளம். அடுத்த அறுவையை வேறொருவர் செய்ய நேர்ந்தாலோ, அந்த மருந்தால் அத்தையின் சிறுநீரகம் சோர்ந்தாலோ முதலில் கேட்கப்படுவது அந்த அளவுதானே! பில்லிங் கவுண்டரில் தட்டச்சர் இல்லை என்றார்கள். வார்டில் "டாக்டர் ரவுண்ட்ஸ் போயிருக்கார்" என்றார்கள். மூன்று மாடி ஏறி இறங்கினேன்.

கடைசியில் அறுவையன்று காலை நான் எரிச்சலோடு வாங்கி வந்த மருந்துகளின் பில்தான் கைகொடுத்தது. அதைப் பார்த்ததும் மருத்துவர், எவ்வளவு கலந்தார் என்பதைச் சம்மரியின் ஓரத்தில் தம் கையாலேயே எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். பில்லையும் அதையும் சேர்த்துப் பின் அடித்து அத்தையிடம் கொடுத்தேன். "பத்திரமா வச்சுக்கிறேன்டா தம்பி" என்று மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டாவது அறுவை தை பிறந்த பிறகு.