மூணு மாசத்துல சுருட்டை திரும்பிடும்னு சொன்னாங்க

என் மகளின் சுருட்டை முடியை நீட்டிக் கெடுத்த பார்லர் பெயரைக் கேட்காதீர்கள். புகார் இன்னும் முடியவில்லை, அதனால் இப்போதைக்குச் சொல்வதாக இல்லை. திருச்சியில் கூட்டம் நன்றாக வரும் ஓர் ஏசி பார்லர், அவ்வளவுதான்.

போன வருஷம் என் மகளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே நல்ல சுருட்டை. 'சுருட்டை முடி சோறு போடும்' என்று மாமியார் பெருமையாகச் சொல்வார். ஆனால் காலை ஏழரைக்கு ஸ்கூல் வேன் வந்து நிற்கும்போது சிக்கெடுத்து ரெட்டைப் பின்னல் போடுவது நான்தானே. வகுப்பில் யாரோ 'நூடுல்ஸ்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நாத்தனார் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, "எனக்கும் ஸ்ட்ரெய்ட்டா ஆக்கி விடும்மா" என்று கேட்டாள். எனக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது. அவள்மேல் மட்டும் பழியைப் போட முடியாது.

பார்லரில் மூன்று தடவை கேட்டேன், சின்னப் பிள்ளை, கெமிக்கல் எதுவும் வேண்டாம் என்று. "கெமிக்கலே இல்லக்கா, கெரட்டின்தான். முடியில இருக்கற அதே புரோட்டீன். குளிக்கக் குளிக்கப் போயிரும், மூணு மாசத்துல சுருட்டை தானா திரும்பிடும்" என்றாள் அங்கிருந்த பெண். 6,500 ரூபாய். ரொக்கமாகக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கொடுத்தார்கள், நானும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

கிரீமைக் கிண்ணத்தில் கொண்டுவந்தார்கள். டப்பாவைக் கண்ணிலேயே காட்டவில்லை. பூசியதும் அழுகிய முட்டை போல ஒரு நெடி. "புரோட்டீன் வாசனைக்கா." ஊறவைத்துக் கழுவி, அயர்ன் போட்டு, மறுபடி வேறொரு கிரீம் பூசி, மறுபடி கழுவி, மொத்தம் நான்கு மணி நேரம். காதுக்குப் பின்னால் எரிகிறது என்று பிள்ளை அழுதபோது டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார்கள்.

அந்த முட்டை நெடியிலேயே நான் எழுந்திருக்க வேண்டும். அது முடி நீட்டும் கிரீமில் இருக்கும் தயோகிளைகோலேட் என்ற ரசாயனத்தின் நெடி. முடியைச் சுருட்டி வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை முதல் கிரீம் உடைக்கும், அயர்ன் முடியை நீட்டும், இரண்டாவது கிரீம் நீண்ட நிலையிலேயே பிணைப்புகளை மறுபடி பூட்டும். ஸ்மூத்தனிங், ரீபாண்டிங் என்று சொல்வதெல்லாம் இந்த வேலைதான். எத்தனை தடவை குளித்தாலும் போகாது. இரண்டு கிரீம், நடுவில் கழுவல் என்று வந்தால் அது கெரட்டின் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கெரட்டினே செய்திருந்தால் நல்லதோ என்று கேட்டால், அதுவும் இல்லை. கெரட்டின் என்ற பெயரில் பூசும் முடி நீட்டும் கிரீம்கள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், அல்லது அயர்ன் சூட்டில் வெளிவரும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கும் பொருள் அது. 2010ல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று லேபிள் ஒட்டிய முடி நீட்டும் மருந்தைச் சோதித்தபோதே உள்ளே அது இருந்தது. அதற்கு மாற்று என்று வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் சாமானியமல்ல. 26 வயதுப் பெண்ணுக்கு முடி நீட்டிய மூன்று தடவையும் சிறுநீரகம் பாதித்ததை 2024ல் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

கல்யாணப் போட்டோவில் பிள்ளை அழகாகத்தான் இருந்தாள். நான்காவது மாதம் உச்சியில் மூன்று விரல்கடை அளவுக்குச் சுருட்டை, அதற்குக் கீழே கோரைப்புல். பின்னல் மேலே உப்பி, கீழே வாலாகத் தொங்கும். ரிப்பன் இரண்டாவது பீரியடிலேயே நழுவி விழும். சீப்பில் துண்டு துண்டாக முடி வந்தது. வேரோடு உதிர்ந்தால் ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்கும். இதில் இல்லை. சுருட்டையும் கோரையும் சேருகிற இடத்தில் முறிந்திருக்கிறது.

அங்கேயே போய்ச் சண்டை போட்டேன். சண்டை போடப் போன இடத்தில் இரண்டாம் தடவை ஏமாந்தேன், இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. 'கர்ல் ரெக்கவரி பேக்கேஜ்', ஆறு சிட்டிங், 12,000 ரூபாய். "மூணாவது சிட்டிங்குல முடி பழைய ஞாபகத்துக்கு வந்துரும்கா." அந்தப் பேச்சில் மயங்கி ஜிபேயில் முழுத்தொகையும் அனுப்பினேன். செய்தது என்ன? ஏதோ சீரம் தடவி, சூடான கர்லிங் ராடில் சுற்றி எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் பழையபடி கோரை. மூன்று சிட்டிங் முடிவதற்குள், ஏற்கெனவே பலவீனமான இடத்தில் சூடு பட்டுப் பட்டு முன்வகிட்டு முடி பாதி முறிந்துவிட்டது.

தோல் டாக்டர் அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: "வெளிய வந்த முடிக்கு உயிர் கிடையாதுங்க. அதுக்கு எந்த ஞாபகமும் வராது." வேரிலிருந்து புதிதாக வருவது மட்டும்தான் சுருளும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பழையதை வெட்டித்தான் ஆகவேண்டும். என் மாமியார் இதை முதல் மாதமே சொன்னார், "சமயபுரத்தாளுக்கு நேர்ந்துக்கிட்டு மொட்டை போட்டுரு" என்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மொட்டைக்குச் சம்மதிக்குமா? பாத்ரூமில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

வளரவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டும் வழியை அமெரிக்கக் கறுப்பினத் தாய்மார்களிடமிருந்துதான் கற்றேன். ரிலாக்ஸர் என்ற முடி நீட்டும் கிரீம் போட்ட பிள்ளைகளை இயல்பு முடிக்குக் கொண்டுவருவதில் அவர்களுக்குப் பல வருட அனுபவம். அவர்களுடைய ரிலாக்ஸர் வேறு ஜாதி, சோடியம் ஹைட்ராக்சைடு மாதிரிக் காரம். ஆனால் இரண்டு விதமான முடியை ஒரே தலையில் சுமக்கும் பாடு ஒன்றுதான். உலர்ந்த தலையில் சீப்பே வைப்பதில்லை. ஈரத்தில் கண்டிஷனர் தடவி, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து மேலே போகவேண்டும். ஒரு கையால் அந்தச் சேருமிடத்தைப் பிடித்துக்கொண்டால் இழுவை அங்கே படாது. டிரையர், அயர்ன் எதுவும் கிடையாது. பள்ளியில் பேசி, இறுக்கிய பின்னலுக்குப் பதில் தளர்வாகப் போட அனுமதி வாங்கினேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு விரல்கடை வெட்டினேன், வீட்டிலேயே.

பதினோராவது மாதம் அவளே கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். "இந்த வாலை எடுத்துரும்மா." மீதியிருந்த கோரை முழுவதும் போனது. இழுத்துப் பிடித்தால் தாடைக்குக் கீழே வரும், விட்டால் காதுக்கு மேலே சுருண்டு ஏறிக்கொள்ளும். பாட்டி திருஷ்டி சுற்றிப் போட்டார்.

பணத்துக்கு வருகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் கொடுத்த பிறகு, செய்யாத மூன்று சிட்டிங்குக்கு 6,000 ரூபாய் திரும்பி வந்தது, ஜிபே ரசீது இருந்த புண்ணியத்தில். முதல் 6,500க்கு என் கையில் இருப்பது விசிட்டிங் கார்டு மட்டும். அதையும், காதுக்குப் பின்னால் புண்ணான அன்று எடுத்த போட்டோவையும், டாக்டர் சீட்டையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நடந்து இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். யாராவது இதே மாதிரி மாட்டியிருந்தால், பார்லரில் போய்ச் சண்டை போடுவதற்கு முன்னால் கிண்ணத்தில் இருந்தது என்ன கிரீம் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் சண்டை போட்ட மறுநாள் கேட்டேன், புளூ டிக் விழுந்ததோடு சரி.