ஆயா (பாட்டி) பாடிய தாலாட்டை நான்கு குரலுக்கு எழுத: மியூஸ்ஸ்கோர் ஸ்டுடியோ மதிப்புரை

கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் உண்டு, பாட்டு இல்லை. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த ஒன்றரை லட்சம் பேரில் தமிழர் கொண்டுவந்த தாலாட்டும் ஒப்பாரியும் வாய்வழியாகவே டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகள் வரை வந்து சேர்ந்தன. அவற்றைச் சேர்ந்திசையாக்க நினைக்கும் டர்பன் குழு ஒன்றில் மூன்று விதமானவர்கள் இருப்பார்கள்: தமிழ் எழுத்துத் தெரிந்தவர், தமிழைக் காதால் மட்டும் அறிந்தவர், டோனிக் சோல்ஃபா (ஸ்வரங்களை d, r, m என்று எழுத்துகளால் குறிக்கும் முறை) பார்த்துப் பாடிப் பழகியவர். மூவரும் ஒரே தாளைப் பார்த்துப் பாட வேண்டும். இசைத்தாள் எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் முதல் இருவருக்கு அருமையாக உதவுகிறது. மூன்றாமவரைக் கைவிட்டுவிடுகிறது.

மென்பொருள் முற்றிலும் இலவசம். ஒரே ஒரு குழப்பம்: இதே பெயரில் இசைத்தாள் பகிரும் தளம் ஒன்று உண்டு, அங்கே பல தாள்களை இறக்கச் சந்தா கட்ட வேண்டும். எழுதும் மென்பொருளுக்கு அது தேவையில்லை. 4ஆம் பதிப்புக்குத் தனியே இறக்கிக்கொள்ளும் மியூஸ் சவுண்ட்ஸ் குரல் ஒலிகள் அழகானவை, ஆனால் பழைய மடிக்கணினி திணறும். அப்போது சாதாரண ஒலித்தொகுப்புக்கு மாறிவிடலாம்.

வார்ப்புரு (டெம்ப்ளேட்) தேர்ந்தெடுக்கும்போது நான்கு குரலுக்கும் (பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ; ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ்) தனித்தனி வரிசை உள்ளதையே எடுங்கள். இரண்டு வரிசையில் அடக்கும் வார்ப்புரு காகிதத்தை மிச்சப்படுத்தும். ஆனால் சோப்ரானோவும் ஆல்ட்டோவும் ஒரே வரிசையில் ஒட்டிக்கொள்வதால், மிக்சரில் ஒரு குரலை மட்டும் பிரித்து ஒலிக்கவிட முடியாது. வீட்டுப் பயிற்சிக்கு எம்பி3 அனுப்புவது அதோடு போய்விடும்.

இனி பாடல் வரிகள். முதல் ஸ்வரத்தைத் தேர்ந்து கன்ட்ரோல்-எல் அழுத்தினால் வரி திறக்கும். ஸ்பேஸ் அடுத்த சொல்லுக்கு, சிறு கோடு அதே சொல்லின் அடுத்த அசைக்கு, அடிக்கோடு இழுப்புக்கு. தமிழில் தவறு நடப்பது பெரும்பாலும் அசை பிரிப்பில்தான். புள்ளி எழுத்து எப்போதும் முந்தைய அசையோடு போக வேண்டும்: ‘கண்-ணே’ சரி, ‘க-ண்ணே’ தவறு. தவறாகப் பிரித்தால் ‘ண்’ அடுத்த ஸ்வரத்தின் தலையில் ஏறும், குழு முழுதும் தாளத்தில் பிந்தும். நீளமான ஸ்வரத்தில் ‘க’வை நீட்டி, கடைசி நொடியில் ‘ண்’ணை மூடச் சொல்லுங்கள். வரிகளை முதலிலேயே கோடு போட்டுப் பிரித்துத் தட்டச்சு செய்து நகலெடுத்துக்கொண்டால், கன்ட்ரோல்-வி ஒவ்வொரு முறையும் ஓர் அசையாக இறக்கிவைக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி, ஸ்வரத்தின் அடியில் வரும் பாடல் வரிகளில் ஒற்றைப்படை வரிசைக்கும் (1, 3) இரட்டைப்படை வரிசைக்கும் (2, 4) தனித்தனி எழுத்துரு வைக்க முடிவது. முதல் வரிசைக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், இரண்டாம் வரிசைக்கு ரோமன் எழுத்துரு. மேலே தமிழ், கீழே ஒலிபெயர்ப்பு, இரண்டும் ஒரே ஸ்வரத்தின் அடியில். கோப்பை அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வரிகளின் இடைவெளி கலையும். எல்லோருக்கும் பிடிஎஃப் ஆக்கியே அனுப்புங்கள்.

பெயர்களைப் பாடும் பகுதியில் இந்த இரட்டை வரிசை இன்னொரு வேலையும் செய்யும். கவுண்டர் இங்கே கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். பெண்குரல்களுக்கு ஊர் உச்சரிப்பு, ஆண்குரல்களுக்குப் பதிவேட்டு உச்சரிப்பு என்று எழுதிப் பாருங்கள். இடம்பெயர்ந்ததை விளக்க வேறு வசனமே வேண்டாம்.

ஸ்வரம் அமைப்பதில் மென்பொருளை நம்பிவிடக் கூடாது. தாலாட்டுகளில் நீலாம்பரி ராகச் சாயல் அடிக்கடி வரும். அது சங்கராபரணத்தில் பிறந்ததால் மேஜர் கார்டுகள் (பல ஸ்வரங்கள் ஒருங்கே ஒலிக்கும் மேற்கத்தியக் கூட்டொலிகள்) சுலபமாகப் பொருந்துவது போலத் தெரியும். அவற்றால் நிரப்பினால் பாட்டின் முகமே மாறிவிடும். பேஸும் டெனரும் ச-ப சுருதியை, மூச்சை ஆளுக்கொரு நேரம் எடுத்து, அறுபடாமல் பிடிக்கட்டும். மெட்டை சோப்ரானோவுக்காக மேலே ஏற்றாதீர்கள்; வயதான பெண் குரல் தாழ்ந்தே பாடும், அதற்கு ஆல்ட்டோதான் சரி. கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவையும் வளைவையும், சின்னச் சின்ன ஸ்வரங்களாக எழுதினால் தாள் கறுத்துப்போகும். நேர் ஸ்வரம் மட்டும் எழுதிவிட்டு, ஆயாவின் ஒலிப்பதிவையே ஆல்ட்டோக்களுக்குக் கொடுங்கள். கணினி ஒலியை மட்டும் கேட்டுப் பழகியவர் அந்த வளைவைப் பாடமாட்டார்.

டோனிக் சோல்ஃபாவுக்கு உள்ளமைந்த வசதி கிடையாது. பாடகர் குழுக்களில் அது இன்னும் உயிரோடு இருக்கும் தென்னாப்பிரிக்காவில் இது பெரிய குறை. மூன்றாவது வரியாகத் தட்டச்சு செய்யலாம்தான். ஆனால் ஒரு ஸ்வரத்தை மாற்றினால் அது தானாக மாறாது, பிழை பாடும்போதுதான் தெரியும். மெட்டு முடிவானபின், வரிசைகளுக்கு நடுவே ஒரு விரல் இடம் விட்டு அச்சிட்டுக் கையால் எழுதுவதே பாதுகாப்பு.