ஊசி இல்லாம சுகர் காட்டுற வாட்ச், வீட்ல பெரியவங்களுக்கு வாங்குறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

பினாங்குல பட்டர்வொர்த், பிறை, ஜார்ஜ்டவுன் பக்கம் இருக்குறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. மால் ரோட்ஷோவுலயும் ஃபேஸ்புக் லைவ்லயும் 'சிஜிஎம் ஸ்மார்ட்வாட்ச்'னு பாக்ஸ்லயே பெருசா போட்டு ஒரு வாட்ச் விக்கிறாங்க (சிஜிஎம்னா சுகர விடாம தொடர்ந்து பாத்துக்கிட்டே இருக்குற கருவி). கையில கட்டுனா போதுமாம், ஊசியே வேணாமாம், ரத்தத்துல சுகர் அளவ நாள் முழுக்க காட்டுமாம், ரொம்ப கொறஞ்சா அலாரம் அடிச்சு எழுப்புமாம். எங்க தாய்மாமா 389 வெள்ளி (ரிங்கிட்) குடுத்து வாங்குனாரு. அந்த வாட்ச் சுகர பாக்கவே இல்ல, சும்மா ஒரு நம்பர காட்டிக்கிட்டு இருந்திருக்கு.

மாமா ராத்திரி இன்சுலின் போடுறவரு. வருஷக்கணக்கா குத்திக் குத்தி வெரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போயிருக்கு, அப்படிப்பட்ட மனுஷன்கிட்ட வித்தவன் நம்ம தமிழ்லயே "அண்ணே இனிமே வெரல்ல குத்தவே வேணாண்ணே, பெரிய ஆஸ்பத்திரியில குடுக்குற அதே டெக்னாலஜிதான்"னு சொன்னா யாருக்குத்தான் ஆசை வராது? மாமிக்கு அந்த அலாரம்தான் பெரிய நிம்மதி, ராத்திரி தூக்கத்துல சுகர் கொறஞ்சிருமோங்கிற பயம் அவங்களுக்கு எப்பவும் உண்டு.

ஒரு நாள் விடியக்காலையில மாமி முழிச்சுப் பாத்தா மாமா சட்டை தொப்பலா நனைஞ்சு கெடக்கு, கை நடுங்குது, கேட்டா ஒளறுறாரு. வாட்ச்ல 6.3 (இங்க நாங்க சுகர mmol/L கணக்குலதான் பாப்போம்). பச்சைக் கலர்ல 'நார்மல்'னு வேற. மாமி அத நம்பி படுக்காம பழைய மெஷின எடுத்து வெரல்ல குத்திப் பாத்தாங்க, 2.9. நாலுக்குக் கீழ போனாலே ஆபத்துன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். மூணு டீஸ்பூன் சீனிய தண்ணியில கரைச்சு குடுத்துட்டு எனக்கு போன் அடிச்சாங்க, கால் மணி நேரம் கழிச்சு திரும்ப குத்துனப்ப 4.6 வந்துச்சு. அந்த நேரம் பூரா அலாரம் ஒரு தடவ கூட அடிக்கல. மாமி மட்டும் முழிக்கலன்னா என்ன ஆயிருக்கும்னு இப்ப நெனச்சாலும் வயிறு கலங்குது.

அன்னிக்கு சாயங்காலமே நான் போயி வாட்ச்ச கழட்டி ஒரு துண்ட சுருட்டி அதுமேல கட்டுனேன். கொஞ்ச நேரத்துல 5.9 காட்டுச்சு. துண்டுக்கு சுகர் 5.9! அப்புறம் ஆப்ப நோண்டிப் பாத்தாதான் இவங்க செய்ற வேலை புரிஞ்சுச்சு. மொதல்ல ஆன் பண்றப்ப 'உங்க கடைசி ரீடிங்க போடுங்க'ன்னு கேக்குது, மாமா 6.4 போட்டிருக்காரு, அதுலேருந்து அது 5.8, 6.7, 6.2ன்னு அந்த நம்பரயே சுத்திச் சுத்தி வருது. நான் அத 11ன்னு மாத்துனேன், உடனே 10.6, 11.3ன்னு காட்ட ஆரம்பிச்சிருச்சு. அதனாலதான் வாங்குன புதுசுல எல்லாரும் 'மெஷினோட கரெக்டா ஒத்துப் போகுதே'ன்னு நம்பிடுறாங்க, நம்ம குடுத்த நம்பர நமக்கே திருப்பிக் குடுக்குது. வாட்ச்சுக்கு அடியில மினுக்குற பச்சை லைட்டு நாடித் துடிப்பு பாக்குறதுக்கு, அத வச்சு சுகர் பாக்க முடியாது.

நெஜமான சிஜிஎம்னு ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடுறேன், இல்லன்னா நல்லதையும் சேத்து வேணாம்னு ஒதுக்கிடுவீங்க. ஃப்ரீஸ்டைல் லிப்ரே, டெக்ஸ்காம் மாதிரி. காசு அளவுல ஒரு சென்சார கை மேல ஒட்டுவாங்க, அதுலேருந்து முடி மாதிரி ஒரு இழை தோலுக்குள்ள போயி அங்க இருக்குற நீர்ல சுகர அளக்கும், போனுக்கு அனுப்பும். லிப்ரே ரெண்டு வாரம் வரும், டெக்ஸ்காம் ஜி7 பத்து நாள். வாட்ச்ல நம்பர் வரும்னா அது அந்த சென்சார்லேருந்து வர்ற நம்பர்தான், வாட்ச் வெறும் திரை. சென்சார் மாத்தி மாத்தி வாங்கணும், செலவு ஜாஸ்திதான், அதுக்காக 389 வெள்ளியில ஆயுசுக்கும் வேலை முடிஞ்சுச்சுன்னு எவனாவது சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: தோலுக்குள்ள போற சென்சார் எங்க? நல்ல சென்சார் கூட ரத்தத்த விட கொஞ்ச நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும், அதனால ஒடம்பு ஒண்ணு சொல்லி நம்பர் வேற சொன்னா வெரல்ல குத்திப் பாத்துடுங்க. குத்தாம சுகர் பாக்குற எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி குடுக்கலன்னு அமெரிக்காவுல மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி குடுக்குற எஃப்டிஏ 2024 பிப்ரவரியிலேயே எச்சரிக்கை விட்டிருக்கு.

வித்தவன் கதைக்கு வர்றேன். வாட்சாப்ல வீடியோ அனுப்புனேன், துண்டு மேல கட்டுன வீடியோ. 'திரும்ப செட்டிங் பண்ணுங்க'ன்னான், அப்புறம் பாக்ஸுக்கு அடியில பொடி எழுத்துல 'மருத்துவ உபயோகத்துக்கு அல்ல'ன்னு இருக்குறத படம் எடுத்து அனுப்பி ரீஃபண்ட் கெடையாதுன்னான். லைவ்ல ஆஸ்பத்திரி டெக்னாலஜின்னு கத்துனவன்தான் இவன்! லைவ்ல கமெண்ட் போட்டேன், அழிச்சுட்டு பிளாக் பண்ணிட்டான்.

நாங்க விடல. உள்நாட்டு வாணிப அமைச்சு கேபிடிஎன்ல புகார் குடுத்தாச்சு, பயனீட்டாளர் டிரிபியூனல்லயும் கேஸ் போட்டிருக்கோம், அங்க பதிய அஞ்சு வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், லாயர் வேணாம். மலேசியாவுல மருத்துவக் கருவின்னா 2012 சட்டப்படி எம்டிஏங்கிற மருத்துவக் கருவி ஆணையத்துல பதிஞ்சிருக்கணும், அவங்க வெப்சைட்லயே பேர போட்டுத் தேடலாம், இந்த வாட்ச்ச தேடுனோம், இல்ல. எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்க, வழி காட்டுவாங்க.

ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா ரெசிட், பாக்ஸ், சாட் எதையும் தூக்கிப் போட்றாதீங்க, லைவ் வீடியோவ அவன் அழிக்கிறதுக்கு முன்னாடி ரெக்கார்ட் பண்ணி வச்சுக்குங்க. வாட்ச் நம்பர வச்சு இன்சுலினயோ மாத்திரையயோ கூட்டிக் கொறச்சிருந்தா இன்னிக்கே மெஷின்ல குத்திப் பாத்துட்டு கிளினிக்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க.