சுளுக்கிய கணுக்காலுக்குப் பட்டையா, படியா, பலகையா?

ஃபுட்சால் ஆடும்போது பாதம் உள்பக்கம் மடங்கிச் சுளுக்கினால், வீக்கம் வடிந்ததும் பலரும் வாங்குவது ரப்பர் பட்டை. வாங்குமுன் பாருங்கள்: நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் முட்டியின் பின்விளிம்பை அழுத்தினால் எலும்பே வலித்தாலோ, முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரே தேவைப்படலாம்.

பட்டை தொடக்கத்துக்கு நல்லது. காலில் எடை ஏறாமலே, பாதத்தை வெளிப்பக்கம் இழுக்கும் தசைகளுக்கு வேலை கிடைக்கிறது. மேசைக்காலில் பட்டையைக் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டி, குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தை வெளியே திருப்புங்கள். 3 விநாடியில் மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். 15 தடவை, 3 சுற்று. முழங்காலும் சேர்ந்து திரும்பினால் உழைப்பது இடுப்பு. முழங்காலைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டையோடு நிறுத்தினால் ஓட்டத்துக்கு வேண்டிய பலம் வராது.

அந்தப் பலத்தைத் தருவது படி. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் காசில்லாமல் கிடைக்கிறது. கைப்பிடியைப் பிடித்து, முன்பாதத்தை விளிம்பில் வைத்து, குதிகாலை 3 விநாடியில் உயர்த்தி, 2 விநாடி நின்று, 3 விநாடியில் இறக்குங்கள். இரண்டு காலில் 12 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானதும் ஒற்றைக்கால், அதுவும் சுலபமானால் முதுகுப்பையில் 5 கிலோ அரிசி. முழங்காலை நீட்டிச் செய்தால் மேல் கெண்டைத்தசைக்கும், சற்று மடக்கிச் செய்தால் அதன் அடியிலுள்ள தசைக்கும் வேலை கூடும். ஓடும்போது பெரும்பாரம் தாங்குவது அந்த அடித்தசை. அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

உச்சியில் நிற்கும்போது குனிந்து பாருங்கள். எடை சுண்டுவிரல் பக்கம் சரிந்தால், சுளுக்கிய அதே திசைக்குக் காலைப் பழக்குகிறீர்கள். பெருவிரலின் அடிமேட்டை அழுத்துங்கள். இரண்டு காலில் செய்யும்போது குதிகால்களுக்கு நடுவே ஒரு டென்னிஸ் பந்தைப் பிடித்தால் சரிவு உடனே தெரியும். குதிகாலின் பின்னுள்ள குதிநாண் எலும்போடு சேரும் இடத்தில் வலி இருந்தால் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காதீர்கள், சமதரையில் செய்யுங்கள்.

ஆடும் பலகை (மேலே நின்றால் சாய்ந்தாடும் பலகை) பலத்தை அதிகம் கூட்டாது. சுளுக்கில் மழுங்கிய சமநிலை உணர்வை மீட்பதே அதன் வேலை. அடிக்கடி சுளுக்குபவர்கள் சமநிலைப் பயிற்சியைத் தவிர்க்கவே கூடாது. ஆனால் பலகை பிறகு. முதலில் வெறுங்காலோடு தரையில் ஒற்றைக்காலில் 30 விநாடி, அடுத்துச் சுவரோரம் கண்மூடி. விரல்கள் தரையைக் கவ்வினால் பலகைக்கு இன்னும் நேரம் வரவில்லை.

எங்கள் தேர்வு படிதான். வலியில்லாமல் நிற்க முடிந்த நாளிலிருந்து ஒற்றைக்காலில் நிற்பதையும் தினமும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டையை முதல் சில வாரங்களோடு விடலாம். படியில் ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்தும் எண்ணிக்கை இரு கால்களிலும் நெருங்கி, ஒற்றைக்காலில் வலியின்றிக் குதிக்கவும் முடிந்தபின் உடற்தகுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தயாராகுங்கள். கல்லும் வேருமான புக்கிட் தீமா குன்றின் இறக்கம் அதற்கும் பிறகு.