படகின் டீசல் டேங்க்: எட்டு வருடப் பராமரிப்பு அனுபவம்

முதல் மூன்று வருடம் டேங்கைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. டீசல் ஊற்றுவேன், நேரம் வந்தால் ஃபில்டர் மாற்றுவேன், அவ்வளவுதான். நான்காம் வருடம், அலை கொஞ்சம் தூக்கலாக இருந்த ஒரு மதியம், இன்ஜின் சுருதி இறங்கி, மறுபடி ஏறி, நின்றே போனது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக, தொட்டால் வழுக்குகிற குழம்பு. புதியதைப் போட்டு, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட் செய்தேன். இருபது நிமிடத்தில் மறுபடி நின்றது. கையிருப்பில் இருந்த 3 ஃபில்டரும் அன்றே தீர்ந்தன. மூன்றாவது அடைபடுவதற்குள் எப்படியோ கரைக்கு வந்துவிட்டேன்.

கடல் அமைதியாக இருக்கும்வரை கசடு அடியிலேயே கிடக்கும். படகு ஆடும்போதுதான் கலங்கி மேலே வந்து குழாயில் ஏறும். அதனால்தான் இன்ஜின் மிகவும் தேவைப்படும் நேரம் பார்த்து அது நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் மூலம் தண்ணீர். பாதி டேங்க் காலியாக இருந்தால் மீதி இடத்தில் காற்று. இரவில் குளிர்ந்ததும் அதிலுள்ள ஈரம் சுவரில் வியர்த்து வழியும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கும். அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். தண்ணீரில் குடியிருந்துகொண்டு டீசலைத் தின்பவை இவை. அமோர்ஃபோதீகா ரெசினே என்ற பூஞ்சை இதில் பேர்போனது. பயோடீசல் கலந்த எரிபொருள் ஈரத்தை இன்னும் அதிகமாகப் பிடித்து வைக்கும் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

நான் முதலில் செய்தது கிருமிக்கொல்லி மருந்து ஊற்றியதுதான். சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டே வாரத்தில் ஃபில்டர் முன்னைவிட வேகமாக அடைத்தது. மருந்து அவற்றைக் கொன்றது உண்மை. ஆனால் செத்ததெல்லாம் டேங்குக்குள்ளேயேதானே இருக்கிறது? அள்ளி வெளியே எடுக்காமல் மருந்து மட்டும் ஊற்றிப் பயனில்லை.

அப்புறம்தான் டேங்கைத் திறக்கத் துணிந்தேன். 200 லிட்டர் அலுமினிய டேங்க், கை நுழைக்கிற மூடி கிடையாது. டீசலை முழுக்க இறைத்துவிட்டு, மேல் தகட்டில் வட்டமாக வெட்டி, மூடி பொருத்தினோம். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்த காட்சியை மறக்க முடியாது. சுவரில் பாலாடை போல ஒரு கறுப்புப் படலம். விரலால் இழுத்தால் துண்டு துண்டாக உரிந்து வந்தது. அதன் அடியில் வெள்ளைப் பொடி. பொடியைச் சுரண்டினால் அலுமினியத்தில் சின்னச் சின்னக் குழிகள். அந்தத் தண்ணீரும் கிருமிகள் விடும் அமிலமும் உலோகத்தை அரித்துக்கொண்டிருந்தன. உறிஞ்சுகுழாயின் நுனியில் ஒரு கம்பிவலை இருந்ததும் அன்றுதான் தெரிந்தது. பாதிக்கு மேல் அடைத்திருந்தது. அதைக் கழற்றியே விட்டேன். ஃபில்டரை நடுக்கடலில் மாற்றலாம், டேங்குக்குள் இருக்கும் வலையை மாற்ற முடியாது.

சுத்தம் செய்ய எடுத்தவை: பிளாஸ்டிக் சுரண்டி, நூல் பிரியாத துணி, கழுவ நல்ல டீசல். சோப்புத் தண்ணீரை நான் உள்ளே விடவில்லை. விரட்டப் பாடுபடுவதே தண்ணீரைத்தான். கையுறை, முகமூடி, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். பக்கத்தில் தீப்பொறி வரக்கூடிய எதுவும் கூடாது. இறைத்த டீசலைக் கேன்களில் இரண்டு நாள் தெளியவிட்டு, மேலே இருந்ததை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொண்டேன். அடிக்கசடைக் கழிவு எண்ணெய் சேகரிக்கும் இடத்தில் கொடுத்தேன். ஒரு சொட்டுகூடக் கடலில் போகக் கூடாது.

ஆறு மாதத்தில் கறுப்பு மறுபடி தலைகாட்டியது. டேங்குக்குள் அலைதடுப்புத் தகடு ஒன்று குறுக்கே இருக்கிறது. நான் போட்ட மூடி ஒரு பக்க அறைக்கு மட்டும்தான். மறுபக்கத்துக்குக் கை எட்டவே இல்லை. இரண்டாவது மூடி போட்டபிறகுதான் சுத்தம் முழுமையானது. டேங்கைத் திறக்கப் போகிறவர்கள் முதலிலேயே எத்தனை அறை என்று பார்த்து, அறைக்கு ஒரு மூடி போடுங்கள்.

இப்போது மாதம் ஒருமுறை அடிவால்விலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி ஜாடியில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வைக்கிறேன். மறுபக்கம் பளிச்சென்று தெரிந்தால் கவலையில்லை. அடியில் தண்ணீர்க்கோடு தெரிந்தால் அது நிற்கும்வரை வடிக்கிறேன். கோட்டுக்கு மேலே நூலாம்படை மாதிரி ஏதாவது மிதந்தால் கிருமி வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்ஜினுக்கு முன்னால் 10 மைக்ரான் ஃபில்டர் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தண்ணீர் தேங்கும் கிண்ணத்தோடு. இன்ஜினில் 2 மைக்ரான். முன்ஃபில்டரை இரட்டையாக்கி நடுவில் மாற்றுவால்வு வைத்தேன். ஒன்று அடைத்தால் இன்ஜினை நிறுத்தாமலே மற்றதற்குத் திருப்பலாம். கூடவே ஒரு வெற்றிட அளவி, ஃபில்டர் வழியே டீசலை இழுக்க எவ்வளவு உறிஞ்ச வேண்டியிருக்கிறது என்று காட்டுவது. முள் நாளுக்கு நாள் ஏறினால் அடைப்பு வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். இத்தனை வருடத்தில் போட்ட காசில் இந்த அளவிக்குக் கொடுத்ததுதான் எனக்கு மிகவும் திருப்தி.

டீசலைச் சுற்றவிட்டு வடிகட்டும் தனி பம்ப் ஒன்றும் 3 வருடமாக இருக்கிறது. சுத்தமான டேங்கைச் சுத்தமாக வைத்திருக்க நல்ல துணை. ஆனால் அழுக்கு டேங்கை அது சுத்தமாக்காது. மூலையில் ஒட்டியிருப்பதைப் பெயர்க்கும் வேகம் அந்த ஓட்டத்துக்கு இல்லை.

படகு நீண்டநாள் நிற்கப்போகிறது என்றால் டேங்கை நிரப்பி, மருந்தைக் குறித்த அளவில் கலந்து வைக்கிறேன். படகின் மேல்தளத்தில் டீசல் ஊற்றும் வாயை மூடும் மூடியின் ரப்பர் வளையத்தை வருடம் ஒருமுறை மாற்றுகிறேன். வெடித்த வளையம் வழியே மழைநீர் இறங்குவது வெளியே தெரியவே தெரியாது.

இந்த வருடம் இரண்டு மூடியையும் திறந்து துணியால் அடியைத் துடைத்தேன். வெளிர்பழுப்பாக லேசான கறை மட்டும். பழைய குழிகள் அப்படியேதான் இருக்கின்றன. அடுத்த முறை தகட்டின் கனத்தை அளந்துவிட்டு, டேங்கையே மாற்றுவதா என்று முடிவெடுப்பேன்.