மாதம் ஒரு ஞாயிறு, பழைய பிரிட்டிஷ் டிவி: ஆறு வருட அனுபவம்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு டிவியில் 1960களும் 70களும்தான் ஓடும். பிரிட்டனுக்கு வேலைக்கு வந்த புதிதில், இங்கத்துப் பேச்சு காதுக்குப் பழகட்டும் என்று பழைய பொருட்கள் விற்கும் சாரிட்டி ஷாப்பில் டேட்ஸ் ஆர்மி என்ற நகைச்சுவைத் தொடரின் டிவிடி ஒன்று வாங்கினேன். அதில் ஆரம்பித்தது. இப்போது ஆறு வருடமாகிறது.

முதல் வருடம் தப்பாகத்தான் பார்த்தேன். ஒரே தொடரில் நாலைந்து எபிசோடை அடுத்தடுத்துப் போட்டுவிடுவேன். மூன்றாவதிலேயே சலிப்புத் தட்டும். வாரத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு எழுதியதை ஒரே உட்காரலில் முடித்தால் வேறெப்படி இருக்கும்? அப்புறம்தான் காலை முதல் இரவு வரை ஒரு நாளின் நிரலாகவே அடுக்கிப் பார்க்கத் தொடங்கினேன். ரேடியோ டைம்ஸ் இதழில் வந்த பழைய நிரல்களை பிபிசி ஜீனோம் என்ற இணையதளத்தில் 1923 முதல் தேடிப் பார்க்கலாம். ஏதாவது ஒரு தேதியை எடுத்துக்கொண்டு, கிடைக்கிற நிகழ்ச்சிகளை அந்தந்த மணிக்கே போடுவேன். கிடைக்காத இடத்தில் அதே காலத்து வேறொன்று.

ட்ரம்ப்டன் எங்கள் வீட்டில் மதியம் ஒன்றரைக்கு. சின்னப் பிள்ளைகளுக்கான பொம்மைத் தொடர், 1967, மொத்தம் 13 எபிசோடுதான். தீயணைப்பு வீரர்கள் மணி அடித்துக்கொண்டு புறப்படுவார்கள், ஆனால் ஒரு தடவைகூடத் தீயை அணைக்க மாட்டார்கள். பொம்மையை அசைத்து அசைத்துப் படமெடுக்கும் முறையில் நெருப்பும் தண்ணீரும் செய்வது அவ்வளவு கடினம். கடைசியில் பூங்காவில் பேண்ட் வாசிப்பார்கள். சாப்பிட்டு முடித்த மயக்கத்தில் அதைப் பார்க்கும் சுகம் தனி. ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டுப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை.

நேரம் என்பது நிகழ்ச்சியில் பாதி என்பது இப்படித்தான் எனக்குப் புரிந்தது. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது. 1957 பிப்ரவரி வரை இங்கே மாலை 6 முதல் 7 வரை டிவியே கிடையாது. பிள்ளைகளைத் தூங்கவைக்க அம்மாக்களுக்கு ஒரு மணி நேரம் விட்டிருந்தார்கள். 1964 தேர்தல் நாளன்று மாலையில் ஸ்டெப்டோ அண்ட் சன் வருவதாக இருந்தது. பழைய இரும்பு வியாபாரம் செய்யும் அப்பாவும் மகனும் பற்றிய நகைச்சுவைத் தொடர். அதைப் பார்க்க உட்கார்ந்தால் தன் கட்சிக்காரர்கள் ஓட்டுப் போடப் போக மாட்டார்கள் என்று பயந்த லேபர் கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சன், பிபிசி தலைவரிடம் பேசி அதைத் தள்ளிவைக்கச் செய்தார். அவர் ஜெயித்தது வெறும் நான்கு இடப் பெரும்பான்மையில்.

நிகழ்ச்சிகளுக்கு நடுவில் வரும் இடைவேளைப் படங்களையும் விடாமல் போடுவேன். 1950களில் நேரலையில் ஏதாவது தடங்கல் வந்தால் பிபிசி இவற்றைத்தான் காட்டும். எனக்குப் பிடித்தது குயவரின் சக்கரம். இரண்டு கை களிமண்ணை ஏற்றும், இறக்கும், மறுபடி ஏற்றும். பானை முடியவே முடியாது. முதல் தடவை இது எதற்கு என்று கேட்ட என் மனைவிதான் இப்போது "குயவரைப் போடலையா?" என்று நினைவுபடுத்துகிறாள்.

இனி செட்டிங்ஸ். இதைச் சொல்லாவிட்டால் புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். படத்தை 4:3 அளவிலேயே விடுங்கள். திரையை நிரப்ப இழுத்தால் எல்லார் முகமும் தட்டையாகிவிடும். அசைவை வழவழப்பாக்கிக் காட்டும் மோஷன் ஸ்மூத்திங்கைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அக்காலத் தொடர்களில் ஸ்டூடியோ காட்சிகளை வீடியோ டேப்பிலும், வெளிப்புறக் காட்சிகளை 16 மி.மீ. ஃபிலிமிலும் எடுத்தார்கள். ஃபால்டி டவர்ஸ் என்ற நகைச்சுவைத் தொடரில் ஹோட்டல்காரர் பேசில் ஹோட்டலுக்குள்ளிருந்து வெளியே ஓடியதும் வெளிச்சம், அசைவு எல்லாமே மாறும். டிஸ்க்தான் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்துவிட்டேன். இப்போது வாசல் கதவு திறக்கப் போகிறது என்றாலே அந்த மாற்றத்துக்குக் கண் காத்திருக்கிறது.

டிஸ்க் என்றே சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. மாதச் சந்தா கட்டிவந்த ஒரு சேவையில், நான் பாதி பார்த்திருந்த தொடரைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பிடித்ததை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறேன். ஆனால் பழைய டிஸ்க் சிலவற்றில் சப்டைட்டில் இல்லை. ஸ்டெப்டோ அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது இன்னும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை.

வாங்கவே முடியாதவையும் இருக்கின்றன. டேப் விலை அதிகம் என்று பிபிசி 1970கள் வரை அழித்து அழித்து மறுபடி பதிந்தது. டேட்ஸ் ஆர்மியின் 80 எபிசோடுகளில் மூன்று இன்னும் கிடைக்கவில்லை. அதே தொடரில் 1969-இல் வந்த 'ரூம் அட் தி பாட்டம்' எபிசோடு கறுப்பு வெள்ளை ஃபிலிம் நகலாக மட்டுமே மிஞ்சியிருந்தது. அந்த நகலில் புள்ளி புள்ளியாகப் படிந்திருந்த வண்ணத் தடயத்தைக் கணினியால் படித்து நிறத்தை மீட்டு, 2008-இல் ஒளிபரப்பினார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

மனம் கசக்கும் இடமும் உண்டு. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு பாடும் பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரெல் ஷோ 1958 முதல் 1978 வரை ஓடியது. இட் ஐன்ட் ஹாஃப் ஹாட் மம் தொடரில் மைக்கேல் பேட்ஸ் பழுப்பு நிறம் பூசி இந்தியராக நடித்தார். என் நிறம் அங்கே வேஷமாக நிற்பதைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியவில்லை. இவற்றை நான் போடுவதில்லை. ஆனால் நிரலை எழுதிவைக்கும் நோட்டில் அவற்றின் நேரத்தை அடிக்காமல் அப்படியே எழுதுகிறேன். அந்த நாளில் அதுவும் இருந்தது, இங்கே வந்திறங்கிய நம்மவர்களும் அதே டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

நாள் முடிவது அந்தக் காலத்து வழக்கப்படியே. அறிவிப்பாளர் குட் நைட் சொல்வார், தேசிய கீதம் வரும், செட்டை அணைக்க மறக்காதீர்கள் என்பார். பதினொன்றரைக்கு நான் எழுந்து, ரிமோட்டை விட்டுவிட்டு, டிவியின் பின்பக்கத்துப் பொத்தானிலேயே அணைப்பேன்.